இடைவேளை மணியும் பிள்ளைகளின் ஆகாரமும்

கற்பிட்டியின் மணல் தோட்டங்களில் விளைந்த பீட்ரூட்டும் பூசணியும் லொறியேறிக் கொழும்புக்குப் போக, அவற்றை விளைவித்தவரின் பிள்ளை, இடைவேளை மணி அடித்ததும் எண்ணெய் கசியும் ரோல்ஸ் ஒன்றையும் ஒரு போத்தல் இனிப்புப் பானத்தையும் வாங்கிப் பசியாறுவதைக் காணும்போது என் மனம் வேதனைப்படுகிறது. மெலிந்த பிள்ளைக்காக மட்டுமே கவலைப்பட்டுப் பழகிய நாம், அதே வாங்கில் பருத்த பிள்ளையும் அமர்ந்திருப்பதையும், இருவரையும் பெரும்பாலும் கெடுப்பது சத்தற்ற ஒரே ஆகாரந்தான் என்பதையும் உணர்ந்தாக வேண்டும்.

அந்தப் போத்தலைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் பானங்களின் மேல் நிற அடையாளம் இருத்தல் வேண்டும்; 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சளைக் கண்டு ஆறுதலடைவது பிழை. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானம் 250 மில்லிலீற்றர் அருந்தினால் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிச் சீனி உள்ளே போகிறது. வளர்ந்தவர் ஒருவரே நாளொன்றுக்கு அதற்குள் நிற்பது உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தும் முறையைப் பற்றிக் கல்வி அமைச்சு 2015இல் 35ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதை அதிபரிடம் கேட்டு வாசிப்பதும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதைப் பேசுவதும், சுத்தக்குறைவு கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுவதும் பெற்றோரின் நியாயமான உரிமைகள். அரசாங்கப் பாடசாலையின் கன்டீன் ஒப்பந்தத்தைக் காட்ட நிர்வாகம் தயங்கினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவித்தாக வேண்டும்.

கன்டீனைத் திருத்தினால் மட்டும் போதுமென்று நான் சொல்லேன். அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகள் பயின்ற 41 பாடசாலைகளில் மூன்றாண்டுகள் நடந்த ‘பாத்வேஸ்’ ஆய்வில், மதிய உணவின் கொழுப்புக் குறைந்தும் பிள்ளைகளின் உடற்கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. வீட்டின் மாலைத் தேநீரும், விளையாடக் கிடைக்கும் மைதானமும் இதே வழக்கின் பகுதிகள்.

அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், ஒரு கோப்பை இலைக்கஞ்சியும் நம் கரைக்குப் புதியவையல்ல. புத்தளக் கரையின் தாய்மாரே, தந்தையரே, அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து அந்தச் சுற்றறிக்கையைக் கேளுங்கள்.