தட்டு சேகரித்தவருடையது, பாட்டு யாருடையது?

தொடக்ககாலப் பாப் இசைத்தட்டுகளின் சந்தையில் விலையை முடிவுசெய்வது பாடலைவிட அதன் அச்சே ஆகும். அச்சு என்பது ஒரு குறிப்பிட்ட ஆலையில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அச்சுத்தகட்டிலிருந்து வார்க்கப்பட்ட தட்டுத் தொகுதியைக் குறிக்கும். ஒரே பாடலின் பிந்தைய அச்சு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க, முதல் அச்சுக்கு முன்னரே வானொலிகளுக்கு அனுப்பப்பட்ட மாதிரித் தட்டு லட்சக்கணக்கில் விலைபோகக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் பிரித்தறியாத சேகரிப்பாளரின் ஆர்வமே மோசடிக்காரர்களுக்கு முதலாகிவிடுகிறது.

பீட்டில்ஸ் குழுவின் ‘லவ் மீ டூ’ இதற்குத் தெளிவான சான்று. 1962 அக்டோபர் 5 அன்று பார்லபோன் நிறுவனம் சிவப்பு நிற லேபிளுடன் இங்கிலாந்தில் வெளியிட்ட தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோ ஸ்டார். பின்னாளில் வந்த அச்சுகளில் ஆண்டி ஒயிட் என்ற வெளிக்கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ டாம்பரின் என்ற சலங்கைப் பறையைத் தட்டிய வேறொரு பதிவு இடம்பெற்றது. ஆகவே முதல் அச்சு என்று சொல்லி விற்கப்படும் தட்டில் சலங்கை ஒலி கேட்டால், விற்பவரின் கூற்றை நம்புவதற்கில்லை. வெளியீட்டுக்கு முன் ஏறத்தாழ 250 மட்டுமே வார்க்கப்பட்ட மாதிரித் தட்டுகளில் பாடலை எழுதியவர்களுள் ஒருவரான மெக்கார்ட்னியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது; அச்சுப்பிழை ஒன்று இத்தனை விலை பெறுவது இத்துறைக்கே உரிய வேடிக்கை. இதற்கு மாறாக, 1961-இல் ஜெர்மனியில் பாலிடார் வெளியிட்ட ‘மை பானி’ தட்டில் அக்குழுவே வாசித்திருந்தும் பீட்டில்ஸ் என்ற பெயரே இராது. பாடகர் டோனி ஷெரிடனுடன் ‘பீட் பிரதர்ஸ்’ என்றே அதன் லேபிள் குறிப்பிடுகிறது.

இத்தேடலில் இந்தியாவுக்கும் தனி இடம் உண்டு. மேலை நாடுகள் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் வினைல் தட்டுகளுக்கு மாறிவிட்ட பின்னரும், இங்கே சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன்கள் புழக்கத்தில் இருந்தமையால், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 78 சுற்றுத் தட்டுகள் 1960-களிலும் வார்க்கப்பட்டன. பீட்டில்ஸ் பாடல்கள் அவ்வடிவில் வெளிவந்த மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்காக இந்தியப் பழைய பொருள் கடைகளைத் துழாவுவதால், பரணில் கிடக்கும் தட்டுப்பெட்டியை எடைக்குப் போட எண்ணும் குடும்பங்களும் ஒரு வகையில் ஏமாறக்கூடியவர்களே. லேபிளில் உள்ள நிறுவனப் பெயர், வரிசை எண், பாடல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு இருவேறு இடங்களில் விலை விசாரிக்கும் வரை பெட்டியைக் கைமாற்றாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. அரக்கு கலந்து செய்யப்பட்ட அத்தட்டுகளைச் சாராயக் கலவை கொண்டு துடைத்தால் அரக்கு கரைந்து ஒலித்தடமே அழியும்.

சந்தையில் உலவும் சட்டவிரோதத் தட்டுகள் இரு வகைப்படும். அசல் வெளியீட்டின் லேபிள், அட்டை ஆகியவற்றை அப்படியே நகலெடுத்து அசல் என்று விற்கப்படுபவை போலிகள். நிறுவனம் வெளியிடாத மேடை நிகழ்ச்சி அல்லது ஒத்திகைப் பதிவை அனுமதியின்றி வெளியிடுபவை பூட்லெக் எனப்படுகின்றன. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் வீ-ஜே நிறுவனம் வெளியிட்ட ‘இன்ட்ரடியூசிங் தி பீட்டில்ஸ்’ மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட இசைத்தொகுப்புகளுள் ஒன்று; லேபிளில் தொகுப்பின் பெயருக்கும் குழுவின் பெயருக்கும் இடையே நடுத்துளை அமைந்திருந்தால் அது போலி என்பது அனுபவமுள்ளோர் முதலில் பார்க்கும் அடையாளம். பூட்லெக்கின் ஆபத்து வேறு விதமானது. ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் 1962 டிசம்பரில் எடுக்கப்பட்ட பீட்டில்ஸின் மேடைப் பதிவு 1977 முதல் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டு வந்தும், 1998-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் சாட்சியமளித்த வழக்கின் முடிவில் அதன் உரிமை பீட்டில்ஸ் தரப்புக்கே சென்றது. கடையில் கிடைத்தது என்பதாலேயே ஒரு வெளியீடு சட்டப்படியானதாகிவிடாது.

தட்டை விலைகொடுத்து வாங்கியவர் அப்பொருளை வைத்திருக்கலாம், விற்கலாம், கொடையளிக்கலாம். பாடலின் பதிப்புரிமை அவருக்குச் சேராது. ஒவ்வொரு தட்டிலும் குறைந்தது இரு உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஒலிப்பதிவின் மீதான உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி இது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். மற்றொன்று, பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை. இது அவர்களின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும், கூட்டாகப் படைத்திருந்தால் கடைசியாக மறைந்தவரின் இறப்பிலிருந்து 60 ஆண்டுகளும் நிலைக்கும். எனவே ‘லவ் மீ டூ’ ஒலிப்பதிவின் காலம் இங்கே 2022 முடிவில் முடிந்துவிட்டாலும், ஜான் லெனனுடன் அதை எழுதிய பால் மெக்கார்ட்னி வாழ்ந்துகொண்டிருப்பதால் பாடல் இன்னும் பாதுகாப்பில்தான் உள்ளது. அமெரிக்காவிலோ 1957-க்கும் 1972 பிப்ரவரி 15-க்கும் இடைப்பட்ட ஒலிப்பதிவுகள் 2067 பிப்ரவரி வரை காக்கப்படுகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ ஆய்வுக்காகவோ நியாயமான அளவில் படியெடுப்பதை இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்படியைப் பொதுவெளியில் பதிவேற்றுவதும் விற்பதும் அதில் அடங்கா. தெரிந்தே மீறுவோருக்கு 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிவராத பழைய பதிவுகள் பலவும் சட்டப்படியே வெளிவந்துவிட்ட நிலையில் பூட்லெக்கை நாட வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது: வெளியிடாத பதிவுகளின் ஐரோப்பிய உரிமை காலாவதியாகிவிடாமல் இருக்கும்பொருட்டு 2013 டிசம்பரில் ஆப்பிள் ஐடியூன்ஸில் 59 பீட்டில்ஸ் பதிவுகள் ஒரே தொகுப்பாக விடப்பட்டதே இதற்கு உதாரணம்.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது, ஆனால் பலரும் கூச்சத்தால் தவிர்ப்பது. பாடல் முடிந்தபின் ஊசி ஓடும் வெற்று வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் மேட்ரிக்ஸ் எண், அதாவது எந்த அச்சுத்தகட்டிலிருந்து தட்டு வார்க்கப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு, சாய்வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பப்பட வேண்டும் என்று கேட்பதும், ‘முதல் அச்சு, அசல்’ என்ற கூற்றை எழுத்தில் பெறுவதும் அவசியம். தட்டின் லேபிளில் வானொலி நிலையம் அல்லது நூலகத்தின் முத்திரை இருந்தால், அது முறையாகக் கழிக்கப்பட்டதற்கான ஆதாரத்தையும் கேட்க வேண்டும்; திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கும் பொதுவாக அதன் உடைமை சேராது. பேபாலில் நண்பருக்கு அனுப்பும் முறையில் செலுத்தப்படும் தொகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடைக்காது என்பதையும், பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை ஒருபோதும் இடவேண்டியதில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஏமாற்றம் நேர்ந்தபின், தட்டு வந்த பெட்டியைப் பிரிக்கும் காணொளியும் உரையாடல்களும் சான்றாகும். இணைய வணிகத் தளம் வழியே வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அது பலிக்காவிடில் 1915 என்ற தேசிய உதவி எண்ணையும், பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கைத் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், கெடு 2 ஆண்டுகள். பணம் இணையவழி பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால்தான் தொகையை முடக்க வாய்ப்பிருக்கும். விற்றவர் வணிகராக இல்லாமல் தம் வீட்டுத் தட்டை ஒருமுறை விற்ற தனிநபராக இருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுப்பது கடினம். அங்கே 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்னும் 15-ஆம் பிரிவின் வழியே துணைவருவதால், எழுத்தில் பெற்ற அந்த ‘முதல் அச்சு’ என்ற வாசகமே உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கின் அச்சாணியாகிறது.