காயல்பட்டினத்துக் கற்பள்ளிகள்: கல்தச்சர் மரபும் காலக்கணிப்பும்

முன்னுரை

மாஞ்சோலை மலைச்சரிவில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலை ஒட்டி மன்னார் வளைகுடாவை அடைகிறது. அந்நீர் கொணர்ந்து குவித்த வண்டலே இக்கரைத் துறைமுகங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பெரிதும் முடிவு செய்தது எனலாம். கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் காயல் முதன்மை பெற்றது. மார்க்கோ போலோ கூறும் காயல், பழையகாயலே என்பது கால்டுவெல்லின் துணிபு. காயல்பட்டினமே என்பாரும் உளர். அவ்விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. காயல்பட்டினத்திலும் அதனையொத்த கடற்கரை ஊர்களிலும் எஞ்சியுள்ள பழைய கற்பள்ளிவாசல்களை எவ்வாறு படிப்பது என்பதே இங்கு எழும் வினா. 'கோயில் பாணிப் பள்ளிவாசல்' என்று அவற்றைச் சுட்டும் வழக்கம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. அத்தொடர் வருணனைக்கு உதவலாம். ஆய்வுக்கு உதவவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வணிகமும் அரச ஆதரவும்

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் தங்கியதை மார்க்கோ போலோ குறிக்கிறார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் பொறுப்பில் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவும் விளங்கினார்.

இவ்வுறவு வணிகத்தோடு நின்றுவிடவில்லை. திருப்புல்லாணியிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு விடப்பட்ட நிலக்கொடையைப் பதிவு செய்கிறது. வைணவத் திருப்பதி ஒன்றின் கல்லில் பள்ளிவாசல் கொடை பொறிக்கப்பட்டிருப்பது தனித்து ஆராயத்தக்கது. காயல்பட்டினத்தைப் பொறுத்தவரை கொல்லம் 562ஆம் ஆண்டுக் (பொ.ஆ. 1387) கல்வெட்டு இன்றியமையாதது. வேணாட்டு மன்னன் உதய மார்த்தாண்டன் இங்குள்ள ஜும்ஆப் பள்ளிக்கு 'உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி' எனத் தன் பெயரைச் சூட்டினான். அதன் காதியாரும் அப்பெயராலேயே சிறப்பிக்கப்பட்டார். கோயில் மண்டபத்திற்கும் ஏரிக்கும் தன் பெயரை இடும் அரசமரபு பள்ளிவாசலுக்கும் நீண்டதையே இது காட்டுகிறது. 'பள்ளி' என்ற சொல் சமண, பௌத்த உறைவிடங்களிலிருந்து சோனகர் தொழுமிடத்திற்குப் பெயர்ந்ததும் இதே வழியில்தான்.

கட்டட அமைப்பு

ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என அடுக்கிய அதிட்டானம், சுவரில் அரைத்தூண்கள், மேலே வளைந்து இறங்கும் கபோதம், தூண்களின் தலையில் போதிகை, அவற்றின்மீது உத்தரமும் கற்பலகைகள் பாவிய தட்டைக் கூரையும். இவ்வளவில் ஒரு கற்பள்ளியின் விவரிப்பு நாயக்கர் கால மண்டபம் ஒன்றின் விவரிப்போடு ஒத்துப்போகும். குவிமாடம் இல்லை, உயர்ந்த மினாராவும் பழைய அமைப்பின் உறுப்பன்று.

வேறுபாடு உறுப்புகளில் இல்லை. அவை தொகுக்கப்பட்ட முறையில் உள்ளது. கிழக்கு நோக்கிய கோயிலிலும் பள்ளிவாசலிலும் வருவோர் கிழக்கே நுழைந்து மேற்கு நோக்கியே நிற்கின்றனர். ஆதலால் கல்தச்சர் தமக்குப் பழகிய அச்சை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கோயில் உள்ளே செல்லச் செல்லக் குறுகுகிறது. மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என ஒளியும் இடமும் சுருங்குகின்றன. பள்ளிவாசலோ முன்மண்டபத்தைக் கடந்ததும் முழு அகலத்தோடு மேற்குச் சுவர்வரை விரிகிறது. தொழுவோர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்பதற்கு அகலமே தேவை. கருங்கற்பலகை தாங்கக்கூடிய இடைவெளி குறைவாதலின் அந்த அகலத்தைத் தூண்களை நெருக்கியே பெற முடிந்தது. காயல்பட்டினப் பெரிய பள்ளி 'ஆயிரங்கால் பள்ளி' எனப்படுவதற்கும் இக்கட்டுமானத் தேவையே அடிப்படை. எண்ணிக்கையை அப்பெயரிலிருந்து கொள்ளலாகாது.

தெய்வ உருவம் நிற்க வேண்டிய தேவகோட்டம் சுவரில் இடம்பெறுவதில்லை. தூணின் சதுரங்களில் மனித, விலங்கு உருவங்களுக்கு மாற்றாகப் பூவும் கொடியும் வடிவியல் கோலங்களும் அமைகின்றன. வளைவு என்பது பாரந்தாங்கும் உறுப்பாக இங்கில்லை. மிஹ்ராபின் முகப்பில் செதுக்கிய வடிவமாகவே காணப்படுகிறது.

காலக்கணிப்பு

ஊர் மரபு, 9ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்தோர் இங்குக் குடியேறிப் பள்ளி கட்டியதாகக் கூறுகிறது. கீழக்கரையில் வழங்கும் மரபு இன்னும் முற்பட்டது. இவற்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை; ஆனால் பள்ளி நிறுவப்பட்ட காலமும் இன்று நிற்கும் கட்டடத்தின் காலமும் ஒன்றல்ல என்பதை ஆய்வேடுகள் பல மறந்துவிடுகின்றன. இதற்குப் போதிகை நல்ல சான்று. பிற்காலப் பாண்டியர் காலப் போதிகை எளிய வெட்டுடையது. தொங்கும் மொட்டோடு கூடிய பூமுனைப் போதிகை விசயநகர, நாயக்கர் காலத்தில் முழுவளர்ச்சி பெற்றது. வள்ளல் சீதக்காதியோடு தொடர்புறுத்தப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் தூண்கள் 17ஆம் நூற்றாண்டுக்கே உரியன என்பதில் மரபும் கல்லும் உடன்படுகின்றன. அவ்வாறு உடன்படாத இடங்களில் கல்லுக்கே முதலிடம் தரல் வேண்டும்.

பெயர்த்த கற்களா?

தோற்ற ஒற்றுமையைக் கொண்டே இவை கோயிற்கற்களைப் பெயர்த்துக் கட்டப்பட்டவை என்பாரும் உளர். கற்கள் மறுபயன்பாடு பெற்றதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. தில்லி குவ்வத்துல் இஸ்லாம் பள்ளியில் உயரம் போதாத தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தப்பட்டுள்ளன. செதுக்கிச் சிதைத்த உருவங்களும் தெரிகின்றன. இதுவே சோதனைக்கான அளவுகோல். அளவு பொருந்தாத தூண்கள், இடையறும் அதிட்டான வரிகள், அழிக்கப்பட்ட உருவத்தின் குழிவு ஆகியன உள்ளனவா என ஒவ்வொரு கட்டடத்திலும் பார்க்க வேண்டும். தூண்கள் ஒரே அளவினவாய், உருவமின்றியே முதலிற் செதுக்கப்பட்டவையாய், அதிட்டான வரிகள் மூலைதோறும் பொருந்தித் திரும்பினால் அக்கற்கள் அவ்விடத்திற்கென்றே வெட்டப்பட்டவை. 'கோயில் பாணி' என்ற தொடர் இச்சோதனைக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது. அதன் தீங்கு அங்குதான் உள்ளது. பாணி கோயிலுடையதன்று, கல்தச்சருடையது.

இச்சோதனைக்குரிய காலமும் சுருங்கி வருகிறது. மெஹர்தாத் ஷொக்கூஹி 2003இல் வெளியிட்ட நூலில் காயல்பட்டினப் பள்ளிகள் சிலவற்றின் தரைப்படங்கள் உள்ளன, ஜெ. ராஜாமுகமது தமிழகம் தழுவிய விவரங்களைத் தொகுத்துள்ளார். அதன்பின் பல ஊர்களில் இடநெருக்கடியால் கற்பள்ளிகள் நீக்கப்பட்டுக் குவிமாடத்தோடு கூடிய கான்கிரீட் பள்ளிகள் எழுந்துள்ளன. பெருகிவரும் ஜமாஅத்துக்கு இடம் தேவை என்பது மறுக்க முடியாத நியாயம். எஞ்சியவற்றிலும் எண்ணெய் வண்ணம் பூச்சுமேல் பூச்சாக ஏறிப் போதிகையின் விளிம்புகளை மழுக்கிவிட்டது. தரையோடு பதித்த ஓடுகள் ஜகதியை மறைக்கின்றன. அடுத்த பூச்சுக்கு முன்னர் அதிட்டான, போதிகை வெட்டுமுகங்களை அளந்து வரைவது ஒரு முனைவர் பட்ட மாணவருக்கும் ஊர் ஜமாஅத்துக்கும் இயலக்கூடிய பணியே.