அதிக வரி கட்டியும் ஏழைப் பள்ளி

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளைப் பெரும்பாலும் ‘பள்ளி மாவட்டம்’ என்ற தனி நிர்வாகமே நடத்துகிறது. மாநில அரசு கணிசமாகப் பணம் தருகிறது. மத்திய அரசின் பங்கு குறைவு. மீதிக்கு, அந்தந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலைகளின் மீதான சொத்து வரிதான் வழி. சிக்கலின் வேர் இந்த வரியில் இருக்கிறது.

டெக்சஸின் சான் அந்தோனியோவைப் பார்ப்போம். எட்ஜ்வுட், மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் நகர உட்பகுதி. சொல்லிக்கொள்ளும்படி தொழிற்சாலைகள் இல்லை. அதே வட்டாரத்தில் அலமோ ஹைட்ஸ், வசதி படைத்த வெள்ளையர்களின் குடியிருப்பு. 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குச் செலுத்தியது போக, எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய உதவியைக் கூட்டினாலும் 356க்கு எதிரே 594. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று பேசுபவர்கள் அந்த வரி விகிதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது: கல்வி, நாட்டின் அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் அழுத்தமாக மறுத்து எழுதினார். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அதன்பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றது. 1993இல் வந்த சட்டப்படி, பணக்கார மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. மக்கள் அதை ‘ராபின் ஹூட்’ சட்டம் என்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் 1990இல், ஏழை நகரப் பள்ளிகளுக்குப் பணக்காரப் புறநகருக்கு இணையான நிதி தரவேண்டும் என்று தீர்ப்பானது.

பல மாநிலங்களில் இடைவெளி சுருங்கியிருப்பது உண்மை. ஆனால் சம தொகை சம வாய்ப்பாகிவிடாது. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்குச் செலவும் அதிகம். அதோடு, டெக்சஸில் ராபின் ஹூட் பங்கீடு அன்றாடச் செலவுக்கான வரியோடு நின்றுவிடுகிறது. புதுக் கட்டடத்துக்காக வாங்கும் கடனை அடைக்கும் வரிக்கு அது பொருந்தாது. அங்கே இன்றும் சொத்து மதிப்பு கூடிய மாவட்டம் குறைந்த வரி விகிதத்திலேயே ஆய்வகம் கட்டிக்கொள்ள முடிகிறது.