பூச்சிமருந்து உற்பத்தியாளர் சங்கங்கள் சொல்வதில் எதை ஏற்கலாம்?

பூச்சிமருந்து டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு, பயிர், எச்சரிக்கை முதலியவற்றுக்கு அடிப்படையான சோதனைகளைப் பெரும்பாலும் மருந்தைத் தயாரித்த கம்பெனியே செய்கிறது, அல்லது பிறரைக் கொண்டு செய்விக்கிறது. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மருந்து பயன் தரும், மனிதருக்கும் கால்நடைக்கும் பாதுகாப்பானது என்பதற்கான விவரங்களை மத்திய அரசின் பதிவுக் குழுவிடம் கம்பெனி கொடுக்க வேண்டும். குழு அவற்றைப் பரிசீலித்துப் பதிவு செய்யும். 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பூச்சிமருந்து கலந்த உணவை உண்டு பலர் மாண்ட பிறகே இச்சட்டம் பிறந்தது.

வியாபாரத்தில் போட்டியிடும் கம்பெனிகள் பொதுக் காரியங்களுக்குச் சங்கம் அமைத்துக்கொண்டுள்ளன. இச்சங்கங்கள் ஆராய்ச்சியும் செய்கின்றன. அரசு ஒரு மருந்தைத் தடை செய்ய முற்பட்டால் அதற்காக வாதாடவும் செய்கின்றன. இவ்விரண்டையும் விவசாயி பிரித்துப் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கு மருந்து பழகினால்

1980களின் தொடக்கத்தில் பருத்திக்கு சைபர்மெத்ரின், ஃபென்வலரேட் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் வந்தபோது காய்ப்புழு நன்றாகக் கட்டுப்பட்டது. திரும்பத் திரும்ப அவற்றையே தெளித்ததால் 1987இல் ஆந்திரத்துப் பருத்தி வயல்களில் எத்தனை முறை அடித்தும் புழு சாகவில்லை. மருந்துக்குத் தப்பிய சில புழுக்களின் சந்ததியே பெருகிவிட்டது. இதில் விவசாயிக்கு மகசூல் நஷ்டம். கம்பெனிக்குச் சரக்கு நஷ்டம். இருவர் நலனும் ஒன்றாகும் இடம் இதுவே.

உலக அளவில் கம்பெனிகள் சேர்ந்து 1984இல் இதற்கெனவே ஒரு செயற்குழுவை அமைத்தன. பூச்சியின் உடலில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதைக் கொண்டு மருந்துகளுக்கு அது குழு எண் கொடுத்துள்ளது. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், அசிபேட் ஆகியவை 1பி, பைரித்ராய்டுகள் 3ஏ, இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சாம், அசிட்டமிபிரிட் ஆகியவை 4ஏ, குளோரான்ட்ரனிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு ஆகியவை 28. இந்த வேலை நம்பத்தக்கது; விவசாயி தயங்காமல் பயன்படுத்தலாம்.

நெல்லில் புகையானுக்கு இமிடாகுளோபிரிட் தெளித்துப் பலன் இல்லையென்றால், கடைக்காரர் வேறு பெயரில் தயாமெதாக்சாம் கொடுக்கக்கூடும். டப்பா மாறியதே தவிர, குழு மாறவில்லை, பணம்தான் வீண். அடுத்த தெளிப்புக்கு வேறு எண்ணுள்ள, அப்பயிருக்கும் பூச்சிக்கும் சிபாரிசு செய்யப்பட்ட மருந்தையே கேட்க வேண்டும். டப்பாவில் எண் இல்லாவிடில், மருந்தின் இரசாயனப் பெயரைக் குறித்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம்.

தடை என்று வரும்போது

இங்கே நலன்கள் பிரிகின்றன. 2013இல் அனுபம் வர்மா தலைமையில் அமைந்த குழு 66 மருந்துகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை தந்தது. 2018இல் 18 மருந்துகளைத் தடை செய்ய உத்தரவாயிற்று. 12 உடனடியாக, 6 மட்டும் 2020 இறுதியில். 2020 மே மாதம் மேலும் 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவு வெளியாயிற்று. மாற்று மருந்துகளின் விலை அதிகம், விவசாயியின் செலவு கூடும், ஏற்றுமதி பாதிக்கும் என்று உற்பத்தியாளர் சங்கங்கள் ஆட்சேபித்தன. மறு ஆய்வுக்குப் பிறகு 2023இல் டைகோபால், டைனோகாப், மெத்தோமில் ஆகிய மூன்றும், மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். என்ற தயாரிப்பும் மட்டுமே தடைக்குள்ளாயின.

விலை பற்றிய வாதத்தில் உண்மை உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோண மருந்து. காய்கறிகளில் அதைத் தெளிக்க 2005இலேயே தடை வந்தது. இலங்கை 1995இல் அதை அடியோடு நிறுத்தியது. அதனால் அங்கு நெல் மகசூல் குறைந்துவிடவில்லை.

சங்கங்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு பதில், “முறைப்படி தெளித்தால் ஆபத்தில்லை” என்பது. கையுறை, முகமூடி, மேலுடை, பூட்ஸ் எல்லாம் அணிந்து சித்திரை வெயிலில் பருத்திக் காட்டில் அரை மணி நேரம் நின்றவர் இதைச் சொல்வாரா என்பது சந்தேகமே. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985இல் வெளியிட்ட நடத்தை விதிகள், வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளைப் பொறுத்தவரை, அணியச் சிரமமான அல்லது விலை அதிகமான பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்றே கூறுகின்றன.

விவசாயி பக்கத்துக் கணக்கு

கூட்டங்களுக்குச் சங்கங்கள் புள்ளிவிவரத்தோடு வருகின்றன. விவசாயி பக்கத்தில் புள்ளிவிவரம் இல்லை. தெளித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் வந்தால் மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அது எங்கும் பதிவாவதில்லை. 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாள் மாவட்டத்தில் மருந்து தெளித்த நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே அரசு விசாரணைக் குழு அமைத்தது. விஷத் தாக்குதல்களை அதிகாரிக்குத் தெரிவிக்குமாறு உத்தரவிட மாநில அரசுக்கு 1968 சட்டத்தின் 26ஆவது பிரிவு அதிகாரம் அளித்திருக்கிறது.

ஆகவே தெளிக்கும்போது உடல்நலம் கெட்டால் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த துணியைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போனால் டாக்டர் மாற்று மருந்தைத் தீர்மானிக்க உதவும். மருந்தின் பெயரைச் சிகிச்சைச் சீட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். கடை ரசீதைப் பத்திரப்படுத்தி, அந்தச் சீட்டின் நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.