வெறுங்காலோடு நடந்தால் நோய் போகுமா? அக்காள்மடம் மணலும் 'எர்த்திங்' டிரெண்டும்!

தினமும் இருபது நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றால் போதும்; தூக்கம் நன்றாக வரும், மூட்டு வலி பறந்துவிடும், பிரஷர் இறங்கும், சுகர்கூட கட்டுக்குள் வந்துவிடும். இப்படிச் சொல்லும் வீடியோ ஒன்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கலாம். 'எர்த்திங்' அல்லது 'கிரவுண்டிங்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெறுங்கால் நடை நமக்குப் புதிதல்ல. ஆனால், அதை மருந்தாக நம்பி, சுகர் இருக்கிற அப்பாவோ பெரியம்மாவோ டாக்டர் கொடுத்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த இடத்தில்தான் விஷயம் சீரியஸாகிறது. இதில் எது உண்மை, எது மிகை, யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று பார்த்துவிடலாம்.

மடங்கள் சொல்லும் கதை

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் சாலையில் போனால், தங்கச்சிமடத்துக்கு முன்னால் வரும் ஊர் அக்காள்மடம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்னையும் பனையும் மணலுமாக இருக்கும் தீவுப் பகுதி. சேதுபதி மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த அக்கா, தங்கை இருவரின் நினைவாக எழுந்த மடங்களால்தான் இரண்டு ஊர்களுக்கும் இந்தப் பெயர் வந்தது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

மடம் என்றால் யாத்திரிகர்கள் இளைப்பாறும் இடம். பாம்பன் ரயில் பாலம் வந்தது 1914-ல். சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-ல். அதற்கெல்லாம் முன்பு, தோணியில் கடலைக் கடந்து, இந்த மணலில் நடந்துதான் ராமநாதசுவாமியைப் பார்க்கப் போனார்கள். இன்றும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, நீண்ட பிராகாரங்களைச் சுற்றி வருவதெல்லாம் வெறுங்காலோடுதான்.

கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்று ஒரு கிராமம். ஊரே கோயில் என்ற நம்பிக்கையால் அங்கே செருப்பு போடுவதில்லை. பழனி பாதயாத்திரையும் நமக்குத் தெரிந்ததுதான். இவர்கள் யாரும் எலக்ட்ரான் கணக்குப் பார்த்துக் காலணியைக் கழற்றவில்லை. பக்தி, மரியாதை, வேண்டுதல் என்று காரணங்கள் வேறு.

எர்த் குழியும் நம் உடம்பும்

'எர்த்' என்ற வார்த்தை நமக்கு எலக்ட்ரீஷியன் மூலம் பழக்கமானது. புது வீடு கட்டும்போது குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயோ தகடோ இறக்குவார்கள். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஈரமும் உப்பும் இருந்தால்தான் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

இதே கணக்கைத்தான் எர்த்திங் ஆதரவாளர்கள் உடம்புக்கும் போடுகிறார்கள். ரப்பர் செருப்பும் டைல்ஸ் தரையும் நம்மை மண்ணிலிருந்து பிரித்துவிட்டன. வெறுங்கால் மண்ணில் பட்டால் பூமியின் எலக்ட்ரான்கள் உடலுக்குள் ஏறி, கேடு செய்யும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கி, வீக்கத்தைக் குறைக்கும் என்பது அவர்கள் வாதம்.

இதில் பாதி பள்ளிக்கூட இயற்பியல். மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கடற்கரை மணலில் நின்றால் உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சட்டென்று மண்ணில் இறங்கிவிடும். இதை மீட்டர் வைத்தே அளக்கலாம். ஆனால், அப்படி இறங்குவதால் நோய் குணமாகிறது என்பது அடுத்த படி. அந்தப் படிக்குத்தான் இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை.

12 பேரை வைத்து முடிவு செய்யலாமா?

இந்த டிரெண்டின் தொடக்கப்புள்ளி அமெரிக்காவைச் சேர்ந்த கிளின்ட் ஓபர். அவர் டாக்டர் அல்ல, கேபிள் டி.வி. தொழிலில் இருந்தவர். கேபிள்களை எர்த் செய்வதைப் பார்த்து, மனிதர்களையும் எர்த் செய்தால் என்ன என்று 1990-களின் இறுதியில் யோசித்தார். 2010-ல் மற்ற இருவரோடு சேர்ந்து 'எர்த்திங்' என்ற புத்தகத்தையும் கொண்டுவந்தார்.

ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2004-ல் வெளியான ஓர் ஆய்வு. தூக்கமின்மை, வலி, மன அழுத்தம் இருந்த 12 பேரை, மண்ணோடு இணைக்கப்பட்ட விரிப்பில் 8 வாரம் படுக்க வைத்தார்கள். கார்டிசால் என்ற ஹார்மோனின் ஏற்ற இறக்கம் சீரானது என்றும், பலருக்குத் தூக்கம் மேம்பட்டது என்றும் எழுதினார்கள். 2013-ல் வெளியான இன்னோர் ஆய்வு, ரத்தத்தின் அடர்த்தி பற்றியது. அதில் பங்கேற்றவர்கள் 10 பேர்.

பத்துப் பன்னிரண்டு பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைகூட இல்லை. அவ்வளவு பேரை வைத்து ஊருக்கே வைத்தியம் சொல்ல முடியாது. அதோடு, 'இது உங்களுக்கு நல்லது செய்யும்' என்று நம்பிப் படுக்கிறவருக்கு, அந்த நம்பிக்கையாலேயே நல்ல தூக்கம் வரலாம். இந்த ஆய்வுகளை எழுதியவர்களில் சிலர், எர்த்திங் பொருள்கள் சார்ந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததையும் அந்தக் கட்டுரைகளிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், அவர்களோடு தொடர்பில்லாதவர்கள் பெரிய அளவில் செய்து பார்க்கும்வரை, 'குணமாகும்' என்று சொல்வது அவசரம்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். வெறுங்காலே மருந்தென்றால், உப்பு ஊறிய ஈர மண்ணில் நாளெல்லாம் நிற்கும் உப்பளத் தொழிலாளர்கள்தான் நாட்டிலேயே ஆரோக்கியமானவர்களாக இருக்க வேண்டும். ஆனால், வெடிப்பும் புண்ணுமாக அவர்கள் கால்கள் படும் பாடு வேறு கதை சொல்கிறது.

பிறகு ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது?

கடற்கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் உடம்பு லேசாகிறதே, அது பொய்யா? இல்லவே இல்லை. அதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, மணல். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது என்று 1998-ல் வெளியான பெல்ஜியம் ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அரை மணி நேர மணல் நடை என்பது நல்ல உடற்பயிற்சி. இரண்டாவது, பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். மேடு பள்ளமான மணலில் அத்தனையும் அசைந்து வேலை செய்கின்றன. மூன்றாவது, காலை வெளிச்சம். அது உடலின் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்து, இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரவைக்கும். நான்காவது, அந்த அரை மணி நேரம் போன் கையில் இல்லை!

ஆக, பலன் உண்டு. அந்தப் பலனைத் தருவது நடையும் வெளிச்சமும் ஓய்வும். செருப்போடு நடந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வலித்ததற்கு நன்றி சொன்ன டாக்டர்

வெறுங்கால் யாருக்கு ஆகாது என்பதை உலகத்துக்கே புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயில் கை, கால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். உண்மையில் நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. காயத்தின் மேலேயே நடந்து நடந்து கால் போய்விடுகிறது. இதைக் கண்டு சொன்னவர் அவர். அந்தக் கால்களைக் காக்க மென்மையான மைக்ரோ செல்லுலர் ரப்பர் செருப்புகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததிலும் அவர் குழுவுக்கு முக்கிய இடம் உண்டு. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

அவரே சொன்ன சம்பவம் ஒன்று. நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் ஓர் இரவு, தன் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுருக்கென்று வலித்தது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பயணத்தில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்!

இன்றைக்கு அதே பிரச்னை சுகர் மூலம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. பல வருடங்களாக சுகர் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு முள் ஏறியது தெரியாமல் நாலு நாள் நடந்தால், சின்னக் காயம் புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைமைக்குப் போய்விடலாம்.

எனவே சுகர் உள்ளவர்கள், பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போதல் இருப்பவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்களுக்கு வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கோயிலுக்குப் போகும்போது காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், ஈரமானால் மாற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் கருங்கல் தரை சுடும். காலைக்கும் மாலைக்கும் தரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியவை

பாம்பன் சுற்றுவட்டாரத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கவனித்தால் ஒன்று புரியும். விரல்களில் துணி சுற்றி, கால்களில் செருப்பை மாட்டிக்கொண்டுதான் பாறைகளுக்கு இடையே இறங்குகிறார்கள். கடலை நன்கு அறிந்தவர்களே காலை மூடிக்கொள்கிறார்கள் என்றால், விருந்தாளிகளான நாம் யோசிக்க வேண்டும்.

ஆரோக்கியமானவர்கள் தாராளமாக நடக்கலாம். இவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

* அலை நனைத்து வடிந்த ஈர மணல் நடக்க ஏற்றது. வலை காயும் இடம், மீன் கழிவு, கண்ணாடித் துண்டு கிடக்கும் இடங்களைத் தவிருங்கள்.

* நாய், பூனை அசுத்தம் செய்த மணலிலிருந்து புழுக்கள் தோலுக்குள் நுழையலாம். காலில் கோடுபோல் வளைந்து நெளிந்து அரிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மனிதக் கழிவு கலந்த மண்ணில் கொக்கிப்புழுவும் இருக்கலாம். அது ரத்தசோகை வரை கொண்டுபோகும்.

* ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். சூட்டை அடுத்தவர் கையால் சரிபார்ப்பது நல்லது.

* துருப்பிடித்த ஆணி, தூண்டில் முள் குத்தினால், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள்.

* இடி இடித்தால் உடனே கடற்கரையை விட்டுக் கிளம்புங்கள்.

ஆன்லைன் 'எர்த்திங்' விரிப்பு வாங்கலாமா?

சுவிட்ச் போர்டின் மூன்றாவது துளையில், அதாவது எர்த் துளையில் சொருகிக்கொண்டு படுக்கச் சொல்லும் விரிப்புகள் ஆன்லைனில் விற்கின்றன. ஆதாரம் இல்லாததற்குப் பணம் செலவு என்பது ஒரு பக்கம். நம் ஊரில் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் இணைப்பு சரியாக இருக்காது. வயரிங்கில் கோளாறு இருந்தால் அந்த எர்த் வழியாகவே மின்சாரம் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. அதோடு உங்கள் உடம்பை இணைத்துக்கொண்டு தூங்குவது தேவையில்லாத ரிஸ்க். அந்தக் காசில் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சரிபார்த்து, உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டிவிடுங்கள். நிஜமான 'எர்த்திங்' அதுதான்!

மனசுக்கும் ஒரு கிரவுண்டிங்

'கிரவுண்டிங்' என்ற இதே பெயரில் மனநல ஆலோசகர்கள் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு. பதற்றம் ஏறி நெஞ்சு படபடக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் 5 பொருள்கள், தொட்டு உணரும் 4, காதில் விழும் 3 சத்தங்கள், 2 வாசனைகள், 1 சுவை என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ண வேண்டும். எங்கோ ஓடும் மனசை இந்த நிமிடத்துக்கு இழுத்து வரும் எளிய வழி இது.

இதற்குச் செலவும் இல்லை, செருப்பைக் கழற்ற வேண்டியதும் இல்லை. அக்காள்மடம் கடலோரத்திலும் செய்யலாம், பஸ் ஜன்னலோரத்திலும் செய்யலாம். பதற்றம் அடிக்கடி வந்தால் மட்டும் தயங்காமல் ஆலோசனை பெறுங்கள்.

காலில் உணர்ச்சியும் தோலும் நன்றாக இருக்கிறதா? விடியற்காலையில் ஈர மணலில் ஆசை தீர நடந்துவிட்டு வாருங்கள். சுகர் இருக்கிறதா? அதே கடற்கரையில், அதே காற்றில், எம்.சி.ஆர். செருப்போடு நடங்கள். மாத்திரையை மட்டும் எந்த வீடியோவுக்காகவும் நிறுத்திவிடாதீர்கள்.