பழைய படகும் இயந்திரத் தாங்கியும்

ஆழ்கடல் செல்லும் பழைய படகொன்றின் உள்ளிருந்த இயந்திரத்தை அகற்றி, வெளியிணைப்பு இயந்திரம் பூட்ட விரும்புவோர் பின்புறத்தில் உலோகத் தாங்கியொன்றைப் பொருத்துவதுண்டு. தாங்கியின் விலையை வினவுமுன் பின்பலகையின் உறுதியைச் சோதித்தலே அறிவுடைமை.

200 கிலோகிராம் எடையுள்ள இயந்திரம் 2 அடி தள்ளித் தொங்குமாயின், படகு அலையில் எழுந்து விழும்போதெல்லாம் நெம்புகோல்போல நின்று அப்பலகையைப் பெயர்க்க முயலும். கண்ணாடியிழைப் படகிலே மேற்புறம் பளபளப்பாயிருப்பினும், உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை நீரூறி உக்கியிருத்தல் கூடும். சிறு சுத்தியலால் தட்டுமிடத்து மந்தமான ஓசை எழுமாயின் ஐயுறுதல் வேண்டும்.

பின்புறம் தாழ்ந்து மிதக்கும் படகுக்குக் காற்றறையுள்ள பெட்டி வடிவத் தாங்கியே நன்று. இன்றேல், பாரத்தால் படகு மேலும் அமிழ, தளத்து நீர் வடியும் துளைகளின் வழியே கடல்நீர் உட்புகும். படகைக் கடந்த நீர் பின்னே மேலெழுவதால், தாங்கி நீளும் ஒவ்வோர் அடிக்கும் இயந்திரத்தை ஏறக்குறைய ஓரங்குலம் உயர்த்திப் பூட்டுவது வழக்கம். துருப்பிடியா உருக்கினாலான சுரையாணிகளைப் பலகையூடாகச் செலுத்தி, உட்புறத்தே அகன்ற தகடு வைத்து இறுக்குதல் வேண்டும்.

உக்கிய பலகையில் பூட்டிய உயர்ந்த தாங்கி கரையில் அழகு, கடலில் ஆபத்து. ஆதலின், பலகையைப் புதுப்பிக்கும் செலவே முதற்செலவாகட்டும்.