வாய்ச்சொல்லுக்கு இயங்கும் விளக்குச் சாதனம்

எழுந்து நடமாட இயலாத முதியோர் உள்ள வீடுகளில், வாய்ச்சொல்லாலேயே விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உதவும் சாதனம் மிகவும் பயன்படும். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு இதனை அமைத்துக்கொள்ளலாம். இயங்குவதற்கு இன்டர்நெட் தொடர்பு அவசியமில்லை. பேசிய பேச்சு வீட்டைவிட்டு வெளியே செல்வதுமில்லை. எனினும், இதனை எதனுடன் இணைக்கலாம், எதனுடன் இணைக்கலாகாது என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இவ்வேலைக்கு ஏற்றது ‘அர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ்’ என்னும் பலகை. 64 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் உடைய இதிலேயே மைக்கும் பொருத்தப்பட்டுள்ளது. இத்தகைய பலகைகளுக்கென எழுதப்பட்ட பிரசித்தமான மாதிரி நிரலொன்று, ஒரு விநாடி ஒலியை 49 கூறுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 40 அதிர்வெண் பகுதிகளின் வலிமையை அளந்து, முன்பு பயின்ற சொற்களுள் எதனை அது பெரிதும் ஒத்திருக்கிறதென மதிப்பிடுகிறது. அது சொல்லின் பொருளை அறிவதில்லை. ஒலியின் சாயலை மட்டுமே அறியும்.

கூகுள் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பயிற்சித் தொகுப்பில் 35 சொற்களின் 1,05,829 ஒலிப்பதிவுகள் உள்ளன. அவை யாவும் ஆங்கிலச் சொற்களே. ஆகவே, தமிழ்க் கட்டளைகளை வீட்டார் அனைவரின் குரலிலும் பலமுறை பதிவுசெய்து பயிற்றவேண்டும். மின்விசிறி, மழை ஆகியவற்றின் ஓசையையும், கட்டளையல்லாத பிற சொற்களையும் சேர்த்தல் அவசியம். ‘விளக்கேற்று’, ‘விளக்கணை’ என ஒரேவிதமாகத் தொடங்கும் சொற்களைவிட, ‘வெளிச்சம்’, ‘நிறுத்திவிடு’ போன்று வேறுபட்டு ஒலிப்பவை மேலானவை.

பலகை 3.3 வோல்ட்டில் இயங்குவது. அதன் முனைகளில் 5 வோல்ட் செலுத்தினால் கெட்டுவிடும். 5 வோல்ட் ரிலேக்குத் தனி மின்வழங்கி அமைத்து, டிரான்சிஸ்டர் மூலமாகவே இயக்கவேண்டும். 230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, மூடிய பெட்டிக்குள் செய்வித்தல் வேண்டும். கோளாறு நேருங்கால் மின்சாரத்தைத் துண்டிக்கும்பொருட்டு, பழைய கைச்சுவிட்சை அகற்றாமல் வைத்திருத்தல் நலம்.

தொலைக்காட்சியிலிருந்து வரும் சொல்லொன்றும் கட்டளையின் சாயலில் அமைந்துவிடலாம். அதனால் விளக்கு எரிந்தால் கேடில்லை. ஆனால் தீவனம் நறுக்கும் யந்திரத்தில் ஒருவர் கைவைத்திருக்கும்போதோ, மோட்டாரைப் பழுதுபார்க்கும்போதோ அவை தாமாக ஓடத் தொடங்கினால் அங்கஹீனமும் உயிர்ச்சேதமும் நேரும். ஆதலால் இச்சாதனத்தை விளக்குடன் நிறுத்திக்கொள்ளுதலே விவேகம். இதனைக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது பெரிதும் நன்மை பயக்கும்.